வடக்கு வாசலின் சாந்து

செவ்வாய்க்கிழமை காலை, மன்னார்ப் பட்டினத்துப் பழைய வேதக்கோயிலின் வடக்கு வாசலை அடைக்க மேசன் கொன்ஸ்ரன்ரைன் வந்தான். பறங்கி கடல் முருகைக்கல்லால் கட்டி, ஒல்லாந்தன் நெல் மூட்டை அடுக்கி, வெள்ளைக்காரன் ஆட்சியில் திரும்பவும் பூசை கண்ட கோயில். சுவர் மூன்று முழத் தடிப்பு. வடக்கு வாசலால் சவப்பெட்டி மட்டும்தான் வெளியே போகும். முப்பத்தோராம் நாள் பூசைவரை கோயிலுக்குள் நிற்கும் செத்தவரின் ஆத்துமமும், பூசை முடிந்ததும் அதே வழியால் போகும் என்று சனம் நம்பியது.

"இந்த வாந்திபேதியிலை நாப்பது பெட்டி போயிட்டுது. வாசலைக் கண்டாலே சனம் பயப்பிடுது. அடைச்சு விடுங்கோ," என்றார் கோயில் மூப்பர். சனத்தைவிட அவருக்குத்தான் பயம் கூட.

"ஓம்."

"உங்கட பிள்ளைக்கு முப்பத்தொண்டு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

அது பொய். ஆறு வயது மகள் மாக்கிறட் செத்துப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. அவனுடைய நெஞ்சு மரத்துக் கிடந்தது. பசியில்லை, அழுகையில்லை. ஒரேயொரு எண்ணம்தான் இருந்தது. வாசல் இல்லாவிட்டால் பிள்ளை போகமாட்டாள்.

வாசல் நிறையக் கல்லடுக்கி, கோயிலின் உட்புறத்தில் சாந்து பூசினான். பனங்கட்டித் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்து. அந்தத் தண்ணீரை மாக்கிறட் களவாக விரலால் தொட்டு நக்குவாள். எத்தனை தரம் ஏசியிருப்பான்.

புதன் காலை, ஈரச் சாந்தில், அவன் இடுப்புக்குக் கீழே ஒரு குழி.

நக்கிய தடம்.

அவனுக்குப் பயம் வரவில்லை. பிள்ளை போகாமல் நிற்கிறாள் என்று மட்டும் நினைத்தான். குழியை மூடிப் பூசினான்.

வியாழன் குழி இன்னும் ஆழமாயிருந்தது. இனிப்புக்குத்தானே நக்குகிறாள் என்று பனங்கட்டியை இன்னும் கூடுதலாகக் கரைத்துப் பூசினான்.

ஞாயிறு பூசை கலைந்து சனம் போனபின் குனிந்து பார்த்தான். கல்லும் தேய்ந்திருந்தது. மறுபக்கத்து வெயில் ஊசிமுனையளவு தெரிந்தது. குழியின் விளிம்பில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

பிள்ளை நாக்கால் வழி தோண்டியிருக்கிறாள்.

"அப்பு."

சுவருக்குள்ளிருந்து வந்தது.

"விடுங்கோ அப்பு. நான் போறன்."

ஒரு கல்லைப் பெயர்த்தால் போதும். சுத்தியல் காலடியில்தான் கிடந்தது.

"இரு பிள்ளை," என்றான்.

சாந்தை அள்ளிக் குழிக்குள் விரலால் திணித்தான். விரல்நுனியில் நாக்கு ஒன்று பட்டது. குளிர்ந்து, புண்ணாகிப்போன நாக்கு.

அவன் விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் இன்னும் சாந்து அள்ளினான்.