மெழுகில் சிக்கிய மச்சான்

போன் அடித்தது!

அவருடைய போன்தான். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம்... மச்சான் கையில்!

இந்தப் பக்கம் அவர். தெருவில் அவர் பெயர் 'உருளை'. பழைய ஜாஸ் இசை பதிந்த உருளைகளைச் சேர்ப்பவர். உடம்பும் பெயருக்கு ஒத்துழைத்தது.

ஜன்னலே இல்லாத அறை. உருளைகளுக்குப் பூஞ்சை பிடிக்காமல் காற்று அனுப்ப ஒரு மெஷின். அதன் சுவிட்ச் வெளியே. அப்படி வைத்த அதிமேதாவியும் அவரே!

மெஷின் நின்றது.

சுவரில் இண்டர்காம் கரகரத்தது.

"அத்தான், அக்காதான் கூப்பிடறா. எடுக்கட்டுமா?"

"கதவைத் திறடா!"

"எதுக்கு? மெழுகு உருளைதான் கிடைச்சிருச்சே. வாங்க ஆள் ரெடி!"

அந்த மெழுகில் இருப்பது, பேர் தெரியாத ஒரு குழு யார் வீட்டிலோ உட்கார்ந்து வாசித்தது. உலகத்திலேயே ஒன்றுதான்.

ஆனால் மச்சான் பையில் போட்டது அட்டை டப்பாவை மட்டும். பழைய அட்டையில் பூஞ்சை வரும். விஷயம் தெரிந்தவன் மெழுகை அதில் வைக்கவே மாட்டான். மெழுகு இங்கே... டிராயரில்!

மூச்சு வாங்கியது.

நடந்ததை எழுதி வைக்கலாமா? மச்சான் முதலில் கிழிப்பதே அதைத்தான்.

சட்டென்று மேஜையில் இருந்த போனோகிராஃபை, உருளைகளைப் பாடவைக்கும் அந்தச் சாவிப் பெட்டியைப் பார்த்தார். அது பாட மட்டுமா செய்யும்? ஊசியை மாற்றினால் பதியவும் செய்யும்!

எதில் பதிவது? அலமாரியில் இருக்கும் நானூறும் செல்லுலாய்டு, கெட்டிப் பிளாஸ்டிக். ஊசி கீறாது. மெழுகு ஒன்றே ஒன்று...

"மன்னிச்சுக்கங்கப்பா" என்றார், என்றைக்கோ செத்துப்போன வாத்தியக்காரர்களிடம்.

உருளையைப் பெட்டியில் மாட்டி, பழைய பதிவைச் சீவி எடுக்கும் இழைப்புக் கத்தியை இறக்கினார். மெழுகு சுருள் சுருளாக விழுந்தது. கிளாரினெட் போனது. டிரம் போனது. நடுவில் ஒருத்தன் இருமுவான், அவருக்கு ரொம்பப் பிடித்த இடம்... அதுவும் போனது.

பதியும் ஊசியை மாட்டி, பெட்டியின் புனல் வாயை இண்டர்காமில் ஒட்டி வைத்துச் சாவி கொடுத்தார். இரண்டே நிமிஷம்தான் ஓடும்!

"மச்சான்... அக்கா கேட்டா என்னடா சொல்லுவே?"

"தாழ்ப்பாள் தானா மாட்டிக்கிச்சும்பேன். மெஷினை நான்தான் நிறுத்தினேன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் அழுவேன் அத்தான். நல்லாவே அழுவேன்!"

கண் இருட்டியது...

கதவு படாரென்று திறந்தது!

மனைவி.

"ஆறு தடவை போன் அடிச்சேன்! எடுத்தா என்னவாம்?"

பின்னாலேயே மச்சான், தோளில் பையோடு. "அய்யோ அக்கா! இப்பத்தான் நானும் வந்தேன்!"

"இவன்... பூட்டிட்டான்..."

"பாவம், அத்தான் மூளைக்குக் காத்துப் போகல."

தம்பிக்காக வாதாடியே பழகியவள் அவள். அவர் வாதாடவில்லை. ஊசியை மாற்றினார்.

"...மெஷினை நான்தான் நிறுத்தினேன்னு யாருக்குத் தெரியும்?"

மச்சான் போனோகிராஃபை உடைக்க அறைக்குள் பாய்ந்தான்! அதற்குள் அவர் உருளைக்குள் இரண்டு விரலை விட்டு அதை உருவிவிட்டார். மனைவி கணவரை வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

"காத்து மெஷினைப் போடும்மா. உன் தம்பியாச்சே."

போட்டாள். போலீசுக்கும் போன் போட்டாள்.

இண்டர்காம் அலறியது. "அத்தான்! டப்பால பழைய சாக்ஸ்தான் இருக்கு! அந்த உருளை எங்கே?"

"இப்ப உன் குரல் கேட்டுச்சே... அதுலதான்!"

கையிலிருந்த மெழுகைப் பார்த்து அவர் கண் கலங்கினார். மனைவி தோளைத் தட்டினாள்.

"விடுங்க. முப்பது வருஷமா கேக்கறேன்... இன்னிக்குத்தான் ஒரு பாட்டாவது புரிஞ்சுது!"