கோமளாவின் குழாய்

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பிடித்தால் போதும், ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் ஆஸ்பிரின் ஓடுகிறது என்பதோடு, அந்த ஆள் காலையில் தின்றது இட்லியா தோசையா, சட்னி தேங்காயா தக்காளியா என்பது வரைக்கும் அமிர்தராஜ் சொல்லிவிடுவார். மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர் ஒருவரிடம், "நேத்து வீட்ல சண்டைங்களா?" என்று குழாயைப் பார்த்தே கேட்டு அந்த மனுஷனை அழ வைத்தவர். மன்னார்புரமே நம்பியது. நம்பாதவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஸ்ரீரங்கத்து வேதவதி.

"அப்போ நிறம் அளக்கற கலரிமீட்டர் மெஷின் எதுக்கு சார்? துணி போத்தி அழகு பாக்கவா?"

"அதுக்கு சந்தேகம் வந்தா என்னைத்தாம்மா கேக்கும்!"

1962 மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. பட்டப்பகல். தன் கையால் அமிலத்தில் அலசிக் காயவைத்த குழாய்களில், பதினேழு என்று கீறிய குழாயின் அடியில், நாவல்பழம் தின்ற நாக்கைப் போல் ஒரு சொட்டு ஊதா நிற்பதை அமிர்தராஜ் பார்த்தார்.

ரத்தத் தெளிநீரில் இரும்பு உப்புக் கரைசலை விட்டால், உள்ளே இருக்கும் ஆஸ்பிரினுக்குத் தக்கபடி ஊதா ஏறும். மூட்டுக் காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு அந்த எண்தான் உயிர். குறைந்தால் காய்ச்சல் இருதயத்தைத் தின்னும். கூடினால் மருந்தே விஷம்.

பதினேழு, கோமளாவின் எண். பதினொரு வயது. போன வியாழக்கிழமை ரத்தம் எடுக்கும்போது, மேல்மூச்சு வாங்க அவள் சொன்னாள்: "மாமா, காதுல மணி அடிச்சுண்டே இருக்கு."

மருந்து மிஞ்சினால் முதலில் காதுதான் இரையும். அது அவருக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் அவள் அம்மா வத்ஸலா கலங்கி நின்றிருந்தாள். சிரிக்க வைக்கலாமே என்று தோன்றியது.

"ஸ்ரீரங்கத்துப் பொண்ணுக்கு மணி கேக்கலைன்னாத்தாம்மா அதிசயம்! பெருமாள் கூப்பிடுறாரு போல!"

கோமளா சிரித்தாள். வத்ஸலாவும் சிரித்தாள்.

அன்றைக்குக் கத்திரி வெயில் ஜன்னலில் கொதித்தது. அந்த வெளிச்சத்தில் எந்த ஊதாவும் வெளுத்துத்தான் தெரியும். மெஷினின் துணியை எடுக்காமலே இருபத்து நாலு என்று எழுதிக் கொடுத்தார். போதவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சனிக்கிழமை விடியுமுன் கோமளா போய்விட்டாள். இருதயம் தாங்கவில்லை என்றார்கள். மீதியிருந்த தெளிநீரை அளந்து பார்த்திருக்கலாம். அமிர்தராஜ் அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

திங்களன்று பதினேழை மறுபடி கழுவினார். செவ்வாயன்று ஊதா ஒரு விரற்கடை ஏறியிருந்தது. அதை உடைத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு வந்தபோது, மூக்கில் அமில நெடி போகாமல் எரிய, மேலே மின்விசிறி கிரீச்சிட்டுச் சுழல, அந்தச் சத்தத்துக்கும் அடியில், எங்கோ ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதைப் போல, மெல்லிய மணியோசை கேட்டது. அக்கரை ஸ்ரீரங்கம் ஐந்தாறு மைல். கேட்க வழியில்லை.

புதனன்று பதினெட்டில் ஊதா. பத்தொன்பதிலும்.

அவர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். "என் ரத்தத்தை எடும்மா. மெஷின்ல வெச்சுப் பாரு."

"நீங்க தலைவலிக்குக்கூட மாத்திரை போடறதில்லையே சார்?"

"இல்ல. அதான். நேத்துலேருந்து காதுல மணி அடிக்குது."

வேதவதி சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். தெளிநீரைப் பிரித்தாள். கரைசலை விட்டாள். ஊதா.

சிரிப்பு நின்றது. துணியை விலக்கி மெஷினில் குழாயைச் செருகினாள். முள் இருபத்து நாலில் நின்றது.

"பாட்டில்ல ஏதோ கலந்திருக்கு சார். கரைசல்தான் கெட்டுப்போச்சு."

"பாரு."

முப்பது. யாரும் தொடவில்லை. முப்பத்தெட்டு. அமிர்தராஜுக்கு மேல்மூச்சு வாங்கியது. சின்னச் சின்ன மூச்சு. குழந்தை மூச்சு. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு.

அங்கே நின்றது.

"அவளோட நிஜ நம்பர்," என்றார். "நான் கொட்டினது."

"பிரமை சார். ரெண்டு பேருக்கும் பிரமை." வேதவதி குழாயை உருவித் தொட்டியில் கவிழ்த்தாள். தண்ணீரைத் திறந்தாள். தண்ணீர் ஊதாவாக விழுந்தது. மூடினாள். குழாய்த் தாங்கியைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது குழாய்கள். காலையில் அவளே கழுவியவை. ஒவ்வொன்றாக. ஒரே மட்டத்துக்கு. ஊதா ஏறிக்கொண்டிருந்தது.

அமிர்தராஜ் நாற்காலியில் சரிந்திருந்தார். கண்கள் ஜன்னலில். மூச்சு இல்லை.

ஆனால் மூச்சு வாங்கும் சத்தம் இருந்தது. சின்னதாக. வேகமாக. தாங்கியின் பக்கத்திலிருந்து.

வேதவதி இரண்டு காதுகளையும் இறுகப் பொத்திக்கொண்டாள். மணி குறையவில்லை.

"நிஜந்தான் சார்," என்றாள் அவரிடம். "எனக்கும் கேக்கறது."