பின்னணியில் ஒரு குழந்தை

ஸ்பூன் கீழே விழுந்தது. சத்தம் வரவில்லை.

எவர்சில்வர் ஸ்பூன், டைல்ஸ் தரை. மற்ற நாளாயிருந்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்திருப்பாள். அவன் அப்போதுதான் ரெக்கார்டிங் அறையிலிருந்து வெளியே வந்து, சாப்பாட்டு மேஜையருகே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். எதிரே அவனுடைய ஆறு வயது மகள் குட்டி, பால் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் விழுந்ததும் உதட்டைக் குவித்து, அவனைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பும் கேட்கவில்லை. மதியம் முழுக்க ஹெட்போன் மாட்டியிருந்த காது, அடைத்துக்கொண்டிருக்கும் என்று சுண்டுவிரலை விட்டு ஆட்டினான். ஃபிரிஜ் உறுமுவது கேட்டது. தெருவில் யாரோ ஷட்டரை இழுத்துவிடுவது கேட்டது. தன் தொண்டைக்குள் தண்ணீர் இறங்குவதுகூடக் கேட்டது. குட்டி மட்டும் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஊமை விளையாட்டெல்லாம் வேணாம்டி. அப்பாவுக்கு நேரமில்ல."

அவள் முகம் சுருங்கியது. மறுபடி ஏதோ சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. கத்துகிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

தண்ணீர் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்தான்.

பத்திரிகை வேலையை உதறிவிட்டு வந்த நாளிலிருந்து இணையத்தில் பேசி வெளியிடும் இந்தப் பாட்காஸ்ட்தான் அவனுக்கு எல்லாம். தொழில்நுட்பம், அரசியல், ஊடகம், மதம் என்று நாலையும் ஒருத்தன் தனியாக உட்கார்ந்து பேசினால் நாலு பக்கமிருந்தும் அடி விழும், விழுந்தது. பழைய சாமான் போட்டுவைத்த அறையின் சுவரெல்லாம் எதிரொலியை அடக்க முட்டை அட்டையும் கிழிந்த மெத்தையும் ஒட்டி அவன் கட்டிய ரெக்கார்டிங் அறைக்கு மனைவி வைத்த பெயர் கோழிக்கூடு. "போங்க, போய்க் கூவிட்டு வாங்க," என்பாள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் குட்டியின் குரலில்தான் தொடங்கும். மூன்று வயதில் மழலை மாறாமல் பேசியது: "இது எங்க அப்பா பேசுற நிகழ்ச்சி. சண்டை போடாம கேளுங்க." அதற்காகவே கேட்டவர்கள் இருந்தார்கள்.

இப்போதெல்லாம் புகார்தான் வந்தது. நீங்கள் கடவுளைப் பற்றிப் பேசும்போது பின்னால் ஒரு பிள்ளை கதவை இடிக்கிறது, வீடா சந்தையா என்று ஒருவர் எழுதினார். நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பெரிய ஒலிபரப்பு நிறுவனமும் அதையே பிடித்துக்கொண்டது. பின்னணியில் ஒரு குழந்தை கேட்கிறது. இன்றைக்குள் சுத்தமான பதிவை அனுப்புங்கள், பார்க்கலாம். இதை விட்டால் வேறு வழியில்லை. பழைய வேலைக்குத் திரும்பிப் போய்க் காலில் விழ அவனால் முடியாது.

மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். சற்று முன், பிரார்த்தனையை இயந்திரக் குரலில் ஓதவிடும் மதகுருமார்களைப் பற்றி அவன் பேசி முடிக்கப்போகும் நேரத்தில், கதவைக் குத்திக்கொண்டு குட்டி கூப்பிட்டாள். "அப்பா! பசிக்குதுப்பா! அப்பா!" போய்ப் பாலை ஊற்றி மேஜையில் டங்கென்று வைத்து, "கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருக்க மாட்டியா சனியனே," என்று கத்திவிட்டு வந்தான்.

வந்து உட்கார்ந்தவன் அந்தப் புதிய மென்பொருளைத் திறந்தான். எது இரைச்சல் என்று ஒரு துண்டைக் காட்டினால் போதும். கற்றுக்கொண்டு, அதைப்போல இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிடும். வருஷக்கணக்காக எடிட் செய்கிறவனுக்குக் காதே வேண்டாம், திரையில் ஓடும் கோட்டின் மேடுபள்ளத்தைப் பார்த்தே வார்த்தையைச் சொல்லிவிடுவான். 'அப்பா' என்பது ஒரு சின்ன மேடு, ஒரு பெரிய மேடு. அந்த இரண்டு மேட்டையும் வளைத்துப் பிடித்து, இதுதான் இரைச்சல் என்று காட்டினான். எல்லாவற்றிலிருந்தும் நீக்கவா என்று அது கேட்டது. இருந்த ஆத்திரத்தில், ஆம் என்று அழுத்தினான்.

இப்போது மகளை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கோழிக்கூட்டுக்குள் ஓடினான். செய்ததைத் திரும்ப எடுக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்றைத் திறந்தான். குட்டியின் குரல் இருந்த இடத்தில் கோடு தட்டையாக ஓடி, பிறகு அவனுடைய 'வணக்கம்' வந்தது. இன்னொன்று. அதிலும் தட்டை. கைபேசியில் பிறந்தநாள் வீடியோவைப் போட்டான். எல்லாரும் கை தட்டுவது கேட்டது. நடுவில் நின்று பாடும் பிள்ளையின் வாய் மட்டும் சும்மா திறந்து திறந்து மூடியது.

"என்ன பண்ணித் தொலைச்சேன்..."

முட்டை அட்டைகள் அவன் குரலை உறிஞ்சிக்கொண்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மைக்கை அணைக்க மறந்திருந்தான் போல. திரையின் ஓரத்தில் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் எழும்பின. சின்ன மேடு. பெரிய மேடு. அறையில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. சின்ன மேடு, பெரிய மேடு.

வெளியே பாய்ந்தான். நாற்காலி காலியாக இருந்தது.

"குட்டி! அப்பா திட்டமாட்டேன்டா தங்கம், வா!"

திட்டினால் எங்காவது போய் ஒளிந்துகொள்கிற பிள்ளை. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது, வீட்டுக்குள்தான் இருக்கிறாள். கூப்பிட்டதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருப்பாள். அதுதான் கேட்கவில்லை.

அழைப்பு மணி அடித்தது. தாழைத் திறந்தான், மனைவி பையோடு உள்ளே வந்தாள்.

"ஏங்க மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? குட்டி எங்க?"

"தேடு. கட்டிலுக்கு அடியில, பாத்ரூம்ல, எல்லாம் தேடு. கூப்பிடாத. கூப்பிட்டாலும் அவ பதில் நமக்குக் கேக்காது."

"என்ன உளர்றீங்க?" என்றவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். "குட்டிம்மா! அம்மா வந்துட்டேன்டா!"

அவன் கோழிக்கூட்டிலிருந்து கையடக்க ரெக்கார்டரை எடுத்து வந்தான். வெளியே போய்ப் பேட்டி எடுக்கிற கருவி. அதிலும் சின்னத் திரையில் பச்சைக் கோடு ஓடும். அதை முன்னால் நீட்டி, திருட்டுப் பூனைபோல் காலை எடுத்து வைத்தான். வெளிச்சம் சாய்ந்து நடையெல்லாம் மங்கியிருந்தது. ஈரத்துணி வாடை. சமையலறைப் பக்கம் கோடு தூங்கியது. நடையில் லேசாகத் துடித்தது. படுக்கையறைப் பக்கம் திருப்பினான்.

எழும்பியது.

பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். திரும்பிப் பார்த்தான். மனைவி பால் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தேடச் சொன்னா என்னடி பண்ற?"

"யாருங்க பால் குடிச்சது? நம்ம ரெண்டு பேருக்குமே பால் ஆகாதே," என்றாள், சாதாரணமாக.

சுவரில் மூவரும் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்தான். அவனும் அவளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் நடுவே, ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடைவெளி.

ஓடினான்.

படுக்கையறை. ஒலி கூடியதும் கோட்டின் பச்சை மஞ்சளானது. கட்டில் பக்கம் தணிந்தது. துணி அலமாரிப் பக்கம் ஏறியது. மஞ்சள். சிவப்பு. சின்ன மேடு, பெரிய மேடு. காதில் ஒன்றுமே இல்லை. அவன் இதயம் மட்டும்.

கதவை இழுத்தான்.

தொங்கும் துணிகளுக்கு அடியில் குட்டி. முழங்காலைக் கட்டிக்கொண்டு. வாய் அகலத் திறந்திருந்தது. கண்ணீரும் சளியும் ஒன்றாய் வழிந்தன. ரெக்கார்டரைத் தரையில் போட்டுவிட்டு அவளை வாரி அணைத்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூடான மூச்சு. பால் வாசம். நெஞ்சோடு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இல்லடா, இல்லடா. அப்பா தப்புப் பண்ணிட்டேன். நீ இரைச்சல் இல்லடா. நீ கத்து. நல்லாக் கத்து. அப்பா விடமாட்டேன்."

மனைவி வாசலில் வந்து நின்றாள். கையைப் புடவையில் துடைத்தபடி விளக்கைப் போட்டாள்.

"பாரு, கிடைச்சிட்டா! வந்து பிடி, சீக்கிரம் வந்து பிடி!"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கைகளைப் பார்த்தாள். மெதுவாகக் கிட்டே வந்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு? யாரைத் தேடிட்டிருந்தீங்க?"

அவன் குனிந்து பார்த்தான்.

கைகள் வளைந்திருந்தன. இறுக்கமாக. ஒரு பிள்ளையின் அளவுக்கு. நடுவே யாரும் தெரியவில்லை. சட்டைத் தோள் நனைந்திருந்தது, இன்னும் சூடாக.

காலடியில் ரெக்கார்டர் கிடந்தது. அதன் சிவப்புக் கோடு, ஓயாமல் எழும்பிக்கொண்டிருந்தது. சின்ன மேடு, பெரிய மேடு. சின்ன மேடு, பெரிய மேடு.