மத்தியானத்துப் பல்

மகளுக்கு அவன் தர வேண்டிய கடன் சரியாக இருபது ரூபாய்.

முதல் பல் விழும்போது அழாமல் இருந்தால் இருபது ரூபாய் என்று அவன் வாயாலேயே சொன்ன பேச்சு. அவள் அழவில்லை. அன்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாக, கீழ்வரிசையில் இடது பக்கத்து முன்பல்லைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து நீட்டினாள்.

"எண்ணி வைப்பா காச."

"இன்னிக்குக் கையில இல்ல குட்டி. கூலி வாங்கிட்டு நாளைக்குத் தரேன்."

"ஏமாத்தினா மேஸ்திரிகிட்ட சொல்லிடுவேன்."

அவன் சிரித்தபடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகர டப்பாவை இறக்கினான். குட்டி வளர்ந்த கதை முழுக்க அந்த டப்பாவில்தான் இருந்தது. முதல் முடி, அறுந்துபோன முதல் செருப்பின் வார், அப்புறம் காகிதத் துண்டுகள். மாவு மில் கிடங்கில் மூட்டை தூக்கி, கூலிச் சீட்டில் இருபது வருஷம் கைநாட்டு வைத்தவன், போன வருஷம்தான் குட்டியின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டப் பழகினான். பழகியதும் முதல் வேலையாக, மறந்துபோகும் முன்னே எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவைத்தான். முதல் நடை. முதல் பேச்சு. கொம்பை மட்டும் எப்போதும் எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடுவான். சத்தம் பின்னால்தானே வருகிறது என்பது அவன் நியாயம். "மாட்டுக்குக் கொம்பு முன்னாடிதானே இருக்கு, பின்னாடியா இருக்கு?" என்று குட்டி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பல்லைப் போட மூடியைத் திறந்தான்.

உள்ளே ஏற்கெனவே ஒரு பல் இருந்தது.

அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் அவன் கையெழுத்து. 'மொத பல்லு.' கொம்பு பின்னால்.

பார்த்ததும் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. போன மாதம், பாயில் அரைத்தூக்கத்தில் கிடந்தபோது, சின்னக் கை ஒன்று அவன் உள்ளங்கையில் அந்தப் பல்லை வைத்தது. கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து பார்த்தான். கீழ்வரிசையில் வலது பக்கம் ஓட்டை. "கணக்குல வெச்சுக்கோ, அப்புறம் தரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். சாயங்காலம் எழுந்ததும் காகிதத்தில் எழுதிச் சுற்றி டப்பாவில் போட்டவன், அதோடு மறந்துபோனான்.

குட்டியை இழுத்து வாயைத் திறக்கச் சொன்னான். வலது பக்கத்துப் பல் கல் மாதிரி நின்றது.

"என்ன கூத்து இது?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து வந்து. "இன்னிக்குத்தானே அவளுக்கு மொத பல்லே விழுது."

"போன மாசம் மத்தியானம் ஒண்ணு குடுத்தா. என் கையிலதான் குடுத்தா."

"மத்தியானமா? மத்தியானம் அவ எப்ப வீட்ல இருந்தா?"

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒவ்வொரு காகிதமாக எடுத்து அவள் முன்னால் வைத்தான். முதல் நடை இதே அறையில்தான். அடுப்படி மூலையிலிருந்து பாய்வரைக்கும் நாலு அடி, அவன் பார்த்தான். "அப்பா" என்று முதலில் சொன்னதும் இங்கேதான், அவன் காதுக்குப் பக்கத்தில்.

"எங்க அக்கா வீட்லதாங்க அவ மொதல்ல நடந்தா. நான்தானே வந்து சொன்னேன்? எனக்கு முன்னாடியே தெரியும்னு நீங்க பீத்திக்கிட்டீங்க. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன்." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "ராத்திரி முழுக்க மூட்டை தூக்கிட்டு வர்ற மனுஷன் பகல்ல தூங்கட்டும்னு, கைக்குழந்தையிலேருந்தே தையல் கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். லீவு நாள்ல அக்கா வீடு. இப்ப பள்ளிக்கூடம். ஒரு மத்தியானம்கூட அவ இந்த வீட்ல இருந்ததில்லைங்க."

அவன் காகிதங்களையும் புதுப் பல்லையும் டப்பாவில் போட்டு மூடினான். பேசினால் கத்திவிடுவான் என்று தோன்றியது. ஆறு வருஷமாக முதுகு ஒடிந்ததற்கு மிச்சம் என்று அவனிடம் இருந்தது அந்த நாலைந்து காகிதம்தான். அதுவும் இல்லையென்றால் எப்படி?

அன்றிரவு மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு, "கனவுலேயே பிள்ளை வளர்த்தவன் உலகத்துல நீ ஒருத்தன்தான்யா. செலவு மிச்சம்" என்றார். கிடங்கே சிரித்தது. அவன் ஒரு மூட்டையைத் தவறவிட்டான். அது வெடித்து, வெள்ளையாக எழும்பி, எல்லார் முகத்திலும் படிந்தது. அந்த நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் விடியற்காலையில் கூலி கொடுத்தார்கள். மிஞ்சிய சில்லறையில் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களைத் தனியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவற்றின் விளிம்பிலும் மாவு ஏறியிருந்தது.

காலையில் குட்டி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கையை நீட்டினாள். எரிச்சலில் இருந்தான். "பள்ளிக்கூடத்துல தொலைச்சிடுவ. சாயங்காலம் தரேன், போ" என்றான். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அவன் கதவைத் தாழிட்டு, ஜன்னலில் அட்டையைச் சொருகினான். பகல் வெளிச்சம் அட்டையின் ஓரத்தில் ஒரு நூலாக மட்டும் நின்றது. பாயில் சாய்ந்தான். தெருவில் ஒரு சைக்கிள் மணி போனது, தூரத்தில் எங்கோ குழாயடியில் குடம் இடிபட்டது, அப்புறம் அந்தச் சத்தங்களும் ஒவ்வொன்றாக வெயிலில் உலர்ந்துபோக, வீட்டுக்குள் இருக்கிற சத்தம் மட்டும் மிஞ்சியது. கூரைத் தகரம் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் சத்தம். பானையில் நீர் கசியும் சத்தம். அடுப்படி மூலையிலிருந்து பால் புளித்த வாடை மெல்ல வந்தது, அதோடு பென்சில் சீவிய வாடையும். எழுத்துப் பழகிய நாட்களில் இதே நேரத்தில் இதே பாயில் உட்கார்ந்து அவன் சத்தம்போட்டுப் படித்ததும், ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் அதே எழுத்து சன்னமாகத் திரும்பி வந்ததும், வெறும் வீடு, எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டதும் இப்போது ஞாபகத்துக்கு வந்தன.

சின்ன அறை. பாத்திரமும் துணியும் அடைத்த அறை. இதில் எப்படி எதிரொலிக்கும்?

எழுந்து டப்பாவை இறக்கினான். திறந்தான்.

இரண்டு பல். அவற்றின்மேல் ஒரு புதுக் காகிதம்.

'காசு எங்கே.'

கோணல் எழுத்து. கடைசி எழுத்தின் கொம்பு பின்னால் நின்றது. குட்டி அப்படி எழுத மாட்டாள். அந்த வீட்டில் அப்படி எழுதுகிறவன் ஒருவன்தான். அவன் எழுதியதைப் பார்த்துப் பழகியது எதுவோ, அதுவும் அப்படித்தான் எழுதும்.

அடுப்படியில் ஓரடி.

வெறுங்கால். சின்னக் கால்.

இன்னோரடி.

கதவு பக்கத்தில்தான். தாழை எடுத்தால் தெரு. கால் நகரவில்லை.

மூன்று.

நாலு.

பாயின் விளிம்பில் நின்றது. அவன் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா."

அந்தக் குரல். அவனை அப்பாவாக ஆக்கிய முதல் குரல். பயத்துக்கு நடுவிலேயே நெஞ்சு இளகியது. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு பிள்ளை நடந்ததையும் பேசியதையும் பார்த்தானே, அது பொய்யில்லையே. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கொடுத்துவிட்டால் போய்விடும். வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு போகட்டும்.

"இந்தா குட்டி," என்றான். "உன் கடன் தீர்ந்துச்சு."

சொன்ன பிறகுதான் எந்தப் பெயரைச் சொன்னோம் என்று உறைத்தது.

ஈரமான விரல்கள். நாணயம் நாணயத்தோடு உரசியது. அப்புறம் ஒன்றுமில்லை.

நாலரைக்கு மனைவி கதவைத் தட்டினாள். அவன் அட்டையைப் பிடுங்கி எறிந்திருந்தான், அடுப்படி மூலையைத் தவிர அறை முழுக்க வெளிச்சம். குட்டி செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்தாள். ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

"என்னமோ இன்னிக்கு ரொம்ப சமத்து," என்றாள் மனைவி. "வழியெல்லாம் வாயே திறக்கல. கை வேற ஜில்லுன்னு இருக்கு, தொட்டுப் பாருங்க." சொல்லிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அவன் பாயில் உட்கார்ந்து, மிச்சமிருந்த சில்லறையில் இருபதைப் பொறுக்கி நீட்டினான். "இந்தா. உன் காசு."

"அதான் மத்தியானமே குடுத்துட்டியேப்பா."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு பத்து ரூபாய் நாணயங்கள். விளிம்பில் மாவு.

"கடன் தீர்ந்துபோச்சு," என்று சிரித்தாள்.

இடது பக்கத்துப் பல் விழாமல் அதன் இடத்திலேயே இருந்தது. ஓட்டை வலது பக்கம்.

அப்போதுதான் அடுப்படி மூலையில், வெளிச்சம் எட்டாத இடத்தில், விசும்பலை உள்ளே அமுக்கிக்கொண்டு யாரோ பேசுவது கேட்டது.

"அப்பா... நான் அழவே இல்லையே. எனக்கு?"

அவன் எழப் பார்த்தான். முடியவில்லை. பிறந்த குழந்தை பிடிப்பதுபோல, ஜில்லென்ற ஐந்து விரல்கள் அவன் ஆள்காட்டி விரலைச் சுற்றி இறுகியிருந்தன.