பெயரில்லாத பதிவுகள்

ஐந்தாம் மாடியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். திரை ஒன்பது என்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடுமுறை என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த மாடியில் கம்பளத்தின் புழுங்கிய வாடையும் சூடேறிய கணினிகளின் வாடையும் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டன. எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் தேடுபொறியைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றுவது அவள் வேலை. கூரையிலிருக்கும் சென்சார் எந்த இடத்தில் எத்தனை ஆள் என்று எண்ணும், கழுத்து அட்டை பெயரைச் சொல்லும், தேடுபொறி இரண்டையும் அறைவாரியாகக் கூட்டித் தரும். தீப்பிடித்தால் யாரையெல்லாம் வெளியே இழுக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளையும் கூட்டி வந்திருந்தாள். குட்டி எதிரே கண்ணாடி அறையில், கையும் கிரேயானுமாக.

கீழே காவலாளிக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, மேல யாராவது வந்தாங்களா?”

“லீவு நாள்ல எவன்மா வருவான்? நீங்களும் பாப்பாவும்தான்.”

வெர்ஷன் குறிப்பை மறுபடி திறந்தாள். எல்லாரையும் போல அவளும் அதை மேலோட்டமாக மேய்ந்துவிட்டு ‘சரி’யை அழுத்தியவள்தான். கூட்டும் முறையில் ஒரு மாற்றம். பெயரில்லாத பதிவுகளைப் பழைய வெர்ஷன் சத்தமில்லாமல் விட்டுவிடும். புதியது விடாது, தனிக் குழுவாகக் காட்டும். இவ்வளவுதானா என்று மூச்சு விட்டாள். சென்சார் ஏதோ உளறுகிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று போன வாரத்துப் பதிவுகளைப் புதிய முறையில் கூட்டிப் பார்த்தாள். பெயரில்லாத குழு இருந்தது. போன வருடத்திலும் இருந்தது. வேலை நாட்களில், ஆள் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாற்காலிக்கும் பின்னால் ஒன்று. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நடைபாதையில், வரிசையாக. இத்தனை வருடமும் பிடரிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள். தேடுபொறிதான் வாய் திறக்கவில்லை.

திரை புதுப்பித்துக்கொண்டது. பேன்ட்ரி காலி. நடைபாதை காலி. பெயரில்லாமல் அங்கங்கே சிதறிக் கிடந்தவையெல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தன. கண்ணாடி அறையில்.

நிமிர்ந்தாள். குட்டி மட்டும்தான் இருந்தாள். யாருக்கோ இடம் விடுவதுபோல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

எழுந்திருக்கப் போனபோது போன் அடித்தது. மேனேஜர்.

“முடிஞ்சுதா இல்லையா?”

“சார், பேரே இல்லாம ஆளுங்கள காட்டுது சார். பழசுக்கே போயிடலாமா?”

“விளையாடுறியா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். பேர் இல்லாததையெல்லாம் வடிகட்டி எறி. ரிப்போர்ட் சுத்தமா இருந்தா போதும்.”

கண்ணில் படாதது இல்லாமல் போய்விடும் என்று நம்புவது இந்தத் தொழிலுக்கே உள்ள வியாதி. பயத்தில் அவளும் நம்பினாள். ஒரே வரியில் வடிகட்டியை எழுதி என்டரைத் தட்டினாள்.

திரை சுத்தமானது. ஐந்தாம் மாடியில் ஒருவர். அவள் மட்டும்.

குட்டி எங்கே?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் காவலாளி குட்டியின் கழுத்தில் மாட்டியது வெற்று அட்டை. “பாப்பாவுக்கு எதுக்கும்மா பேரு கீரு?” என்றார். அவளும் சிரித்தாள்.

கண்ணாடி அறையைப் பார்த்தாள். மேஜையில் ஒரு கிரேயான் உருண்டுகொண்டிருந்தது. நாற்காலி காலி.

“குட்டி!”

வடிகட்டியை அழித்தாள். விரல் வழுக்கியது. மறுபடி. என்டர்.

கண்ணாடி அறை காலி. அவள் மேஜையில் பெயருள்ளவர் ஒருவர். பெயரில்லாதவர்கள், மீதி எட்டுப் பேரும், அங்கேயே.

பிடரியில் மூச்சு பட்டது. கிரேயானின் மெழுகு வாசனை. பின்னாலிருந்து ஒரு சின்னக் கை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது. சில்லென்றிருந்தது.

“அம்மா, என் பேரு என்ன?”

வாயைத் திறந்தாள். பிறப்பதற்கு முன்பே தேடித் தேடி வைத்த பெயர். தினமும் தொண்டை கிழியக் கூப்பிட்ட பெயர். வரவில்லை.

“அம்மா, என் பேரு என்ன?”

இது ஆண் குரல். காதோடு.

அப்புறம் இன்னொன்று.