சிவப்புக் கூந்தல்

திங்கட்கிழமை காலை பதினோரு நிமிடத்தில் முப்பத்தொன்பது பேர் கிரேக்கக் கலை வரலாற்றில் பட்டம் பெற்றார்கள். காதுக்குப் பின்னால் அறிவுவில்லையைச் செருகிக்கொண்டால் போதும். செவ்வாய்க் கோளின் பல்கலைக்கழகத்தில் படிப்பென்றால் அதுதான். நாற்பதாவது ஆளான சந்தனமாரி மட்டும் நான்காம் ஆண்டாகப் படித்துக்கொண்டிருந்தாள். வில்லை வேண்டாம், எனக்குக் கண் இருக்கிறது என்று ஒரே பிடியாக நின்றாள். தேறாவிட்டால் பனிச் சுரங்க வேலைதான் என்று உத்தரவும் வந்துவிட்டது.

வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் ஞானதுரை கேட்டது ஒரே கேள்வி. "கிரேக்கச் சிலையெல்லாம் என்ன நிறம்மா?"

"வண்ணம் பூசினது சார். நம்ம காட்சிக்கூடத்துல இருக்கிற பெண் தலைக்குக் கூந்தல் சிவப்பு."

"வில்லை வெள்ளைன்னு சொல்லுது. பத்துக் கோடிப் பேர் பகிர்ந்து உறுதியான உண்மை."

"அதுல எத்தனை பேர் சார் பார்த்தாங்க? சிலை கீழ் மாடியிலதானே இருக்கு? வாங்க."

ஞானதுரை நல்ல மனிதர், இறங்கி வந்தார். பூமியிலிருந்து கொண்டுவந்த பளிங்குத் தலையின் காதோரத்தில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். முடிச்சுருளின் பள்ளத்தில் எள்ளளவு சிவப்பு, இரண்டாயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"சிவப்புதான்" என்றார் மெதுவாக. பிறகு ஈரத் துணியையும் தூரிகையையும் அவள் கையில் கொடுத்தார். "துடைச்சுடும்மா. சிலையில பிழை இருந்துச்சு, திருத்தியாச்சுன்னு எழுதிடறேன். நீ பாஸ்."

சந்தனமாரிக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. தூரிகையை ஈரத் துணியில் நனைத்துக்கொண்டு, துணியைக் கீழே போட்டாள். வாசலில் காலணிகள் உதிர்த்திருந்த செவ்வாய் மண்ணில் தூரிகையைத் தோய்த்தாள். காதோரத்துப் பழைய சிவப்பை மட்டும் தொடாமல், கூந்தல் முழுவதையும் சிவப்பாகத் தீட்டினாள்.

"இப்போ யாரும் தெரியலைன்னு சொல்ல முடியாதுல்ல சார்?"

மறுநாளே அவளைச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சிலையின் படம் மட்டும் எப்படியோ வெளியே போய்க் கோளெங்கும் பறந்தது.

ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில், கூடப் பனி வெட்டும் செல்லக்கனி அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உனக்குத்தான் வில்லை இல்லையே, பாவம். புதுப் பாடம் வந்திருக்கு. கிரேக்கச் சிலைக்கெல்லாம் கூந்தல் சிவப்பாம்டி."

சந்தனமாரி எழுந்தே நின்றுவிட்டாள். ஜெயித்தாயிற்று!

"அதுவும் நம்ம செவ்வாய் மண்ணாம். கிரேக்கர்கள் அந்தக் காலத்துலயே இங்க வந்து அள்ளிட்டுப் போயிருக்காங்க."

"அதைப் பூசினது நான்டி! உண்மையான சிவப்பு காதோரத்துல இருக்கு. ஞாயித்துக்கிழமை வா, கண்ணால பாரு."

"எதுக்குடி பார்க்கணும்?" செல்லக்கனி தட்டைக் கழுவ எழுந்தாள். "அதான் இருபது கோடிப் பேர் அனுப்பியிருக்காங்களே."