கதவுக்குப் பின்னால் ஒரு 'வில்'

பாத்திரக் கடை மாடியில் நடந்த மாலைநேர ஆங்கில வகுப்பில் அவளை எல்லோரும் 'வில்லு' என்றே கூப்பிட்டார்கள். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி.

தினமும் செய்வதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், "ஐ வில் வேக் அப். ஐ வில் பிரஷ் மை டீத்" என்பாள்.

"'வில்' போட்டா இனிமேதான் தேய்க்கப் போறேன்னு அர்த்தம்மா," என்பார் டீச்சர்.

"அப்ப இதுவரைக்கும் தேய்ச்சதே இல்லையா?" பக்கத்துப் பெஞ்ச் நெட்டையன் மூக்கைப் பொத்திக்கொள்வான்.

"தமிழ்ல 'தினமும் தேய்ப்பேன்'னுதானே சொல்றோம்? அதைத்தான் அப்படியே மாத்தினேன்!" விலையை இறக்காத கடைக்காரி போல வில்லு மல்லுக்கு நிற்பாள்.

ஒரு நாள் வகுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது. ஜன்னல் ஓரம் மட்டும் சாம்பல் நிற வெளிச்சம்.

"வாட் டூ யூ டூ எவ்ரி டே?" என்று டீச்சர் கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பதில் வந்தது.

"ஐ வில் கம்..."

பின்சுவரில் எப்போதும் பூட்டியே கிடக்கும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல அதிர்ந்த குரல்.

"ஐ வில் சிட் இன் த டார்க்... ஐ வில் வாட்ச் த டோர்..."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்தது.

"வருவேங்குது! இருட்டுல உக்காருவேங்குது!" நெட்டையன் பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். அடுத்த நிமிடம் வகுப்பே படிக்கட்டில் இருந்தது. செருப்பு யாருடையது என்றுகூட யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் தச்சர் வந்தார். கதவின் குறுக்கே பலகை அடித்து நிரந்தரமாக மூடிவிடுவது என்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

முதல் ஆணியின் மேல் சுத்தியல் ஓங்கியது.

"அடிக்காதீங்க!" வில்லு மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அது மிரட்டல டீச்சர்! என்னை மாதிரியே தப்பா 'வில்' போடுது. தினமும் வர்றேன், தினமும் இருட்டுல உக்கார்றேன்னு சொல்லுது. உள்ளே யாரோ இருக்காங்க!"

"பேய்க்கும் இலக்கணம் வராதா?" என்றான் நெட்டையன், டீச்சருக்குப் பின்னால் நின்றபடி.

வில்லு கதவில் காது வைத்தாள். மரம் ஜில்லென்றிருந்தது.

"வாட்... வாட் டூ யூ டூ எவ்ரி டே?"

உள்ளே ஏதோ உரசியது.

"ஐ வில் வெயிட்."

"யாருக்காக?" பயத்தில் ஆங்கிலம் மறந்துவிட்டது.

"அம்மாவுக்கு," என்றது குரல், தமிழில்.

ஆணி அடிக்க வந்த சுத்தியலாலேயே தச்சர் பூட்டை உடைத்தார்.

உள்ளே கூரை வரை அடுக்கிய பெரிய பெரிய பாத்திரங்கள். குரல் அப்படி அதிர்ந்தது அவற்றால்தான். நடுவில் ஒரு சின்னப் பெண் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே கடையில் பாத்திரம் துலக்கும் அம்மா, வேலை முடியும்வரை அவளைப் பின்படி வழியாக இங்கே கொண்டுவந்து விட்டுப் போவாராம். கதவு வழியாகக் கேட்டுக் கேட்டே அவளுக்கு ஆங்கிலம் வந்ததாம், வில்லுவின் 'வில்' உட்பட.

"ஏன் இப்படி நடுங்குற?" என்றாள் வில்லு.

"உங்களைத்தான் பேய்னு நெனச்சேன். எல்லாரும் ஒரே குரல்ல எந்திரிக்கிறீங்க, பல்லு தேய்க்கிறீங்க, தூங்குறீங்க. உடனே மறுபடியும் எந்திரிக்கிறீங்க!"

தச்சர் சிரித்த சிரிப்பில் பாத்திரங்கள் கூடவே கிணுகிணுத்தன.

"அப்புறம் எதுக்கு எங்களுக்குப் பதில் சொன்ன?"

"தனியா இருக்கறதுக்குப் பேய் பரவாயில்லைன்னுதான்."

வில்லு அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து, தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

"உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்," என்ற டீச்சர், மெல்லக் கேட்டார்: "வாட் டூ யூ டூ எவ்ரி டே?"

அவள் பெஞ்சைத் தடவிப் பார்த்தாள். "ஐ வில் சிட் ஹியர்."

டீச்சர் வழக்கம்போலத் திருத்த வாயெடுத்தார். வில்லு முந்திக்கொண்டாள்.

"இந்த 'வில்' சரிதான் டீச்சர். இனிமேதானே இங்க உக்காரப் போறா!"